வலி போன நாள்

ஒரு வீட்டுச் சுவரையே கொக்கியில் மாட்டித் தூக்கி, அந்தரத்தில் அரைச்சுற்றுச் சுற்றி, கீழே நிற்கிறவன் மேல் தூசிகூடப் படாமல் இறக்கி வைக்கத் தெரிந்த மனிதர் அவர். அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் காலை, குளியலறையில் நழுவி விழுந்த சோப்பை எடுக்கக் குனிந்தார். குனிந்தவரால் நிமிர முடியவில்லை.

டவர் கிரேன் ஓட்டுவது அவருடைய வேலை. பெரிய கட்டடங்கள் எழும்பும் இடத்தில், எல்லாவற்றுக்கும் மேலே ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கையை நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த இயந்திரம். அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடிகள், ஒரு வாக்கி டாக்கி. காலுக்கடியிலும் கண்ணாடிதான். கொக்கி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமானால் முன்னால் வளைந்து, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே தலையைக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். வாழ்க்கையில் பாதியை அவர் அப்படிக் கவிழ்ந்த தலையோடுதான் கழித்திருந்தார். வேலைத்தலத்தில் எல்லோருக்கும் அவர் பருந்து. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசலில் இருக்கும் காவலாளியே அப்படி யாரும் இல்லை என்று அனுப்பிவிடுவார்.

வலி என்றால் அப்படி இப்படி வலி இல்லை. பின்புறத்தில் ஓர் இடத்தில் கிளம்பும். தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலைப் பிழிந்துவிட்டு, சுண்டுவிரலில் சுருக்கென்று போய் முடியும். இருமினால் ஒரு தடவை, சிரித்தால் ஒரு தடவை, நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கும்வரை. காலுக்குள் யாரோ மின்கம்பியை உரித்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றார் மனைவியிடம். அவள் பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். யார் நிஜமாக அழுகிறார்கள், யார் வேஷம் போடுகிறார்கள் என்று பார்த்ததுமே சொல்லிவிடுவாள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேலைக்கே போகவில்லை.

உடம்பு நோகிறது என்று தெரிந்தால் போதும், ஊரில் இருக்கிறவர்கள் எல்லாம் வைத்தியராகிவிடுவார்கள். மாடிவீட்டுக்காரர் வெறும் தரையில் படுக்கச் சொன்னார். எதிர்வீட்டு அம்மா படுக்கவே கூடாது என்றாள். யாரோ ஒருவர் குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஆள் ஏறி மிதித்தால் சரியாகிவிடும் என்று சொல்லி, அதற்குத் தானே தயார் என்று செருப்பை வேறு கழற்றினார். மனைவியின் தம்பி அகலமான இடுப்பு பெல்ட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். அவன் அதே வேலைத்தலத்தில் சிக்னல்மேன். கீழே நின்றுகொண்டு, எதை எங்கே தூக்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று வாக்கி டாக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பவன். பருந்துக்கு மனைவியின் குரலைவிட மச்சினன் குரல்தான் அதிகம் பழக்கம்.

"மாமா, இதை இறுக்கிக் கட்டுங்க. எல்லாம் உள்ள போயிடும்."

"எல்லாம்னா எது மாப்ள?"

"அது தெரியாது. கடைக்காரர் சொன்னார்."

கடைசியில் மனைவிதான் பிடிவாதமாக அவரை பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். சின்ன அறை. ஒரு கட்டில், சுவரில் ஏணி மாதிரி கட்டைகள், மேஜைமேல் பிளாஸ்டிக்கில் ஒரு முதுகெலும்பு. டாக்டரம்மா பேச்சில் சர்க்கரை போடுகிறவர் இல்லை. கட்டிலில் மல்லாக்கப் படுக்கச் சொல்லி, வலிக்கிற காலை மடக்காமல் அப்படியே மெல்ல உயர்த்தினார்.

"வலிக்குதா?"

"லேசாத்தான் இருக்கு."

"இப்ப?"

"பரவாயில்ல."

"உங்க வாய் ஒன்னு சொல்லுது, பல்லு வேற ஒன்னு சொல்லுது. பல்லை விடுங்க, உடைஞ்சுடப் போகுது."

பருந்து பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கட்டடம் கடைசித் தளத்துக்கு வந்துவிட்டது. கூரை முடிந்ததும் கிரேனைப் பிரித்து வேறு இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அப்போது நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவர்தான் அதோடு போவார். அதுதான் அங்கே வழக்கம். அவர் இல்லாத நாட்களுக்கு ஒரு மாற்று ஆளை ஏற்றியிருந்தார்கள். இளைஞன். சுமையைத் தூக்கும்போது வெடுக்கென்று ஒரு இழு இழுப்பானாம். மச்சினன் வந்து சொன்னதிலிருந்து பருந்து அவனுக்குக் குலுக்கி என்று பெயர் வைத்திருந்தார். அந்தக் குலுக்கி தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்ற நினைப்பு, கால் வலியைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அவரைக் குடைந்தது.

டாக்டரம்மா பிளாஸ்டிக் முதுகெலும்பைக் கையில் எடுத்தார்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. வலி கால்ல, ஆனா கோளாறு கால்ல இல்ல. இந்த எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒன்னு இருக்கு பாருங்க. இதுதான் டிஸ்க். வெளிய நார், உள்ள ஜெல்லி. அது பிதுங்கி வந்து, பக்கத்துல போற நரம்போட வேர் மேல சாய்ஞ்சிருக்கு. இங்கிருந்து போற நரம்பெல்லாம் சேர்ந்து ஒரு பெரிய நரம்பாகிக் கால் முழுக்க இறங்குது. சயாட்டிக் நரம்புன்னு பேரு. வேரை மிதிச்சா கிளை முழுக்கக் கத்தும். அவ்வளவுதான்."

"ஒரு சோப்பை எடுத்ததுக்கா இவ்வளவு?"

"பாவம், அந்த சோப்பைத் திட்டாதீங்க. நாள் பூரா குனிஞ்சு உட்கார்ந்தே வேலை பார்த்திருக்கீங்க. மெத்தை உள்ளுக்குள்ள எப்பவோ நைஞ்சு போச்சு. சோப்பு வந்து மாட்டிக்கிச்சு."

பயப்படத் தேவையில்லை என்றும் அவர் சொன்னார். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும், பிதுங்கியது சுருங்கிவிடும் என்றார். படுத்தே கிடக்காதீர்கள், வீட்டுக்குள்ளேயே அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள், குனிந்து எதையும் தூக்காதீர்கள், நாற்காலியில் ஒட்டிக்கொள்ளாதீர்கள் என்றார். மாத்திரை வலியை அடக்கத்தான், டிஸ்க்கைச் சரிசெய்ய இல்லை. யாராவது முதுகில் ஏறி மிதிக்க வந்தால் போலீசைக் கூப்பிடுங்கள். பொறுத்துப் பார்த்தும் குறையாவிட்டால் ஸ்கேன், ஊசி. ஆபரேஷன் என்பது எல்லாவற்றுக்கும் கடைசி. பெல்ட்டை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் குரல் மாறியது. மனைவியையும் பக்கத்தில் வரச் சொன்னார்.

"இது ரெண்டு பேரும் கேட்கணும். தண்டுவடம் முடியற இடத்துல நரம்பெல்லாம் குதிரை வால் மாதிரி கொத்தாத் தொங்கும். டிஸ்க் பெருசா பிதுங்கி அந்தக் கொத்தையே அமுக்கிடுச்சுன்னா, உட்கார்ற இடம் மரத்துப் போகும். கால் தளர்ந்துடும். ஒன்னுக்கு வராது, இல்ல வர்றதே தெரியாது. இதுல எது வந்தாலும் நாளைக்குன்னு தள்ளக் கூடாது. அப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். வலி இருக்கா இல்லையான்னு பார்க்கவே பார்க்காதீங்க. நரம்பு செத்துக்கிட்டிருந்தா வலிக்காது."

"சரிங்க."

"இப்ப ஒன்னுக்கெல்லாம் எப்படிப் போகுது?"

பருந்து சிரித்தார். இடுப்பில் சுருக்கென்றது, அப்படியும் சிரித்தார். "அது நான் சொன்னாத்தான் வரும் டாக்டர். அவ்வளவு பழக்கி வச்சிருக்கேன்."

இதைப் புரிந்துகொள்ள அந்த வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும். மேலே கூண்டில் கழிப்பறை கிடையாது. இறங்கி ஏறுவதென்றால் அது ஒரு மலை ஏறி இறங்குகிற வேலை, அதுவரை கட்டடமே கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். இளசுகள் ஒரு காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு ஏறுவார்கள். பருந்துக்கு அது கேவலம். பாட்டில் கட்சி என்று அவர்களைக் கிண்டல் செய்வார். அவர் எழுந்ததிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க மாட்டார், காபியைத் தொட மாட்டார். விடிந்ததும் போனால் வேலை முடிந்து இறங்கிய பிறகுதான். அத்தனை வருஷத்தில் அதற்காக ஒரு முறைகூட இறங்கியதில்லை என்பதுதான் அவருடைய விருது, பட்டம், எல்லாம். மனைவிக்கும் தெரியும். ஊருக்கு பஸ்ஸில் போகும்போது வண்டி எங்கே நின்றாலும் அவர் மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளுக்கு நீங்கள் வகுப்பெடுக்கலாம் என்பாள் அவள்.

நாட்கள் ஓடின. டாக்டரம்மா சொன்னதில் முக்கால்வாசியைச் செய்தார். கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். வலி ஒரு நாள் தணிந்தது, மறுநாள் தலையெடுத்தது. தினமும் மாலையில் மச்சினன் வந்து வேலைத்தலத்துச் செய்தியைச் சொல்லுவான். குலுக்கி கம்பிக்கட்டைத் தூக்கிச் சாரத்தில் இடித்தது, மேஸ்திரி கத்தியது, இன்னும் கொஞ்சம் கூரைதான் பாக்கி என்பது. அவன் ஆறுதலுக்காகச் சொன்னான். அவர் இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று விரல்விட்டு எண்ணினார். ஒரு மாலை அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பலமாக ஒரு தும்மல் வந்தது. இரண்டு கால்களிலும் ஒரே நேரத்தில் பளீரென்று வெட்டியது. கண்ணில் நீர் தளும்பியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்தவர் அப்படியே தூங்கிப் போனார்.

விடிந்து கண் திறந்தபோது ஏதோ ஒன்று குறைந்தது. வீட்டில் ஓயாமல் அழுகிற குழந்தை திடீரென்று அடங்கினால் வருகிற அமைதி. புரண்டு பார்த்தார். இருமிப் பார்த்தார். எழுந்து நின்று, குனிந்தே பார்த்தார். வலி இல்லை. துளிகூட இல்லை.

"ஏய், இங்க வா! போயிடுச்சு!"

"என்னது?"

"வலிடி! சுத்தமாப் போயிடுச்சு!"

அவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். அவர் குனிந்து நிமிர்ந்து காட்டினார். வாரக்கணக்கில் முனகலைக் கேட்டுக்கொண்டே தூங்காமல் கிடந்தவள், கட்டிலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு தம்பிக்குப் போன் செய்தாள். அந்த வீட்டில் அன்றைக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வேறு சில சங்கதிகளும் அன்றைக்கு இருந்தன. பாதம் பஞ்சில் வைத்த மாதிரி இருந்தது. நடந்தால் வலது பாதம் சப்பென்று தரையில் அறைந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபோது, நாற்காலி எங்கோ தள்ளி இருப்பதுபோல, வேறு யாரோ அதில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. இத்தனை நாள் படுத்துக் கிடந்த உடம்பு மரத்துத்தானே போகும் என்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார். வலிக்கிறவனுக்கு வலி ஒன்றுதான் நோய். அது போனால் மற்றதெல்லாம் அவன் கணக்கிலேயே வராது.

மேல்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் மனைவிக்கு டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது.

"என்னங்க, காலைல பாத்ரூம் போனீங்களா?"

அவர் யோசித்தார். போயிருந்தார், கொஞ்ச நேரம் நின்றுமிருந்தார். எதுவும் வரவில்லை. முட்டவும் இல்லை. ராத்திரியும் எழுந்ததாக ஞாபகம் இல்லை. வேறு எந்த மனிதனாக இருந்தாலும் அந்த இடத்தில் திடுக்கிட்டிருப்பான். இவருக்கோ உச்சி குளிர்ந்தது. பல வாரமாக வீட்டில் கிடந்து, தண்ணீரும் காபியும் குடித்துக் கெட்டுப் போயிருந்த உடம்பு, வேலைக்குப் போகிற அன்றைக்குச் சரியாகப் பழைய ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று நினைத்தார்.

"டூட்டி நாள்ல நான் என்னைக்குடி அதுக்கு அலைஞ்சிருக்கேன்? உடம்புக்குத் தெரிஞ்சிடுச்சு, இன்னைக்கு மேல போறோம்னு."

அவர் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள். பேருந்துக்கு நேரமாகிறது என்று பையை எடுத்துக்கொண்டு அவளும் கிளம்பினாள்.

வேலைத்தலத்தில் அவரைக் கண்டதும் ஆளாளுக்குக் கையைப் பிடித்தார்கள். குலுக்கி நாற்காலியை விட்டு இறங்கி வந்து, தன் பாட்டிலைக் கையிலெடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றான். பருந்து அந்தப் பாட்டிலைப் பார்த்து ஒரு நக்கல் சிரிப்புச் சிரித்துவிட்டு ஏணியில் ஏறினார். வலது கால் படியைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தது. கையால் இழுத்து இழுத்தே மேலே போய்ச் சேர்ந்தார். கூண்டுக்குள் உட்கார்ந்து கைப்பிடியைத் தொட்டதும் அவருக்குக் கண் கலங்கியது. வேறொன்றுமில்லை, சந்தோஷம்.

அன்று காலை அவர் தூக்கியதெல்லாம் பூப்போல இறங்கியது. "மாமா, அப்படியே இறக்குங்க, இன்னும் கொஞ்சம், கொஞ்சம், போதும். ஆகா!" என்று கீழேயிருந்து மச்சினன் பாடிக்கொண்டே இருந்தான். அவன் குரலில் அப்படி ஒரு குதூகலம்.

மதியம் நெருங்கும்போது கூண்டுக்குள் ஒரு வாடை வந்தது. முதலில் வெளியிலிருந்து வருகிறது என்று நினைத்தார். பிறகு தற்செயலாக நாற்காலியில் கை வைத்தார். ஈரம். குனிந்து பார்த்தார். கால்சட்டை நனைந்து, நாற்காலி நனைந்து, காலடிக் கண்ணாடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு எதுவும் தெரியவில்லை. எப்போது வந்தது என்று தெரியவில்லை. வந்துகொண்டிருப்பதும் தெரியவில்லை. அடிவயிற்றைத் தொட்டால் கல்லாக இருந்தது. தொடையின் உள்பக்கம் கிள்ளிப் பார்த்தார். வேறு யாரையோ கிள்ளுவதுபோல இருந்தது.

குதிரை வால் என்று டாக்டரம்மா சொன்னது அப்போது ஞாபகத்துக்கு வந்தது. அப்பவே ஓடணும் என்றதும் வந்தது. கை வாக்கி டாக்கிக்குப் போனது.

போன கை நின்றது. அந்த வாக்கி டாக்கியில் ஒரு வார்த்தை பேசினால் வேலைத்தலம் முழுக்கக் கேட்கும். மேஸ்திரி கேட்பார். கம்பி கட்டுகிறவர்கள் கேட்பார்கள். பாட்டிலோடு ஓரமாக நிற்கிற குலுக்கி கேட்பான். அத்தனை பேர் பார்க்க, நனைந்த கால்சட்டையோடு தான் ஏணியில் இறங்கி வருவதை நினைத்துப் பார்த்தார். அதைவிட அப்படியே கீழே குதித்துவிடலாம் என்று தோன்றியது. வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு இறங்கலாம், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று முடிவு செய்தார். கடிக்க வலியே இல்லையே, அதுதான் கொடுமை.

மதியத்துக்கு மேல் கொக்கி தயங்கித் தயங்கி நகர்ந்தது. மச்சினனுக்கு அந்தக் கையின் பழக்கம் தெரியும்.

"மாமா, என்ன ஆச்சு?"

"ஒன்னுமில்ல."

"குரல் சரியில்லையே."

"வேலையைப் பாரு மாப்ள."

ஒரு சிமென்ட் தொட்டி பாதியில் அந்தரத்தில் நின்றது. நின்றது நின்றதுதான். எவ்வளவு கூப்பிட்டும் பதில் இல்லை. அப்புறம்தான் அந்தக் குரல் வந்தது, மச்சினன் அதுவரை கேட்டே இராத குரல். "மாப்ள, என் கால் ரெண்டும் எனக்குத் தெரியல."

மச்சினன் ஏணியில் பறந்தான். பின்னாலேயே குலுக்கியும் ஏறினான். கூண்டின் கதவைத் திறந்ததும் மச்சினனுக்கு வாடையிலேயே விஷயம் புரிந்துவிட்டது. கூண்டில் தொங்கிய மழைக்கோட்டை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினான், அன்றைக்கு மழை இல்லாதபோதும். இரண்டு பேருமாக அவரை நாற்காலியிலிருந்து தூக்கிக் கூண்டுக்கு வெளியே இருந்த சின்ன நடைமேடைக்குக் கொண்டுவந்தார்கள். ஏணியில் இறக்க வழியே இல்லை. நடுவில் தொங்கிய தொட்டியைக் குலுக்கி முதலில் பத்திரமாக இறக்கினான். பிறகு ஆட்களைத் தூக்குகிற இரும்புக் கூடையைக் கொக்கியில் மாட்டச் சொல்லி மேலே கொண்டுவந்தான். பருந்தை அதில் கிடத்தி, மச்சினனும் கூடவே ஏறிக்கொண்டான்.

இவ்வளவு காலம் அவர் எத்தனையோ சுமைகளை அந்தக் கொக்கியில் இறக்கியிருக்கிறார். அன்று அவரே சுமை. ஈரமான நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு குலுக்கிதான் இறக்கினான். ஒரு சின்ன வெடுக்குக்கூட இல்லை. "மெதுவா, இன்னும் கொஞ்சம், கொஞ்சம்" என்று மச்சினன் சொல்லிக்கொண்டே வந்தான். கீழே அத்தனை பேரும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பருந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் மனைவி பேருந்துச் சீருடையோடு ஓடி வந்தாள். ஒரு குழாயைப் போட்டதும் சிறுநீர் வந்து கொட்டிக்கொண்டே இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். டிஸ்க் மொத்தமாகக் கிழிந்து நரம்புக் கொத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அறுவை சிகிச்சை டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"கடைசியா எப்ப ஒழுங்கா ஒன்னுக்குப் போனீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சீக்கிரம் பிடிச்சிருந்தா மீட்டுடலாம். ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு."

பருந்து மனைவியைப் பார்த்தார். மனைவி தம்பியைப் பார்த்தாள். நேற்று தும்மலுக்கு முன்னாலா, பின்னாலா? ராத்திரியா? எதுவும் ஞாபகத்தில் இல்லை. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் அவர் தன் உடம்பை இவ்வளவு காலம் பழக்கியிருந்தார்.

"தெரியலைங்க" என்றார்.

"நான் கேட்டேன்" என்றாள் மனைவி, டாக்டரிடமா தன்னிடமா என்று தெரியாமல். "காலைல கேட்டேன். சிரிச்சார். நானும் சிரிச்சுட்டேன்."

அன்றைக்கே அறுத்து, பிதுங்கியதை எடுத்து, நரம்புகளை விடுவித்தார்கள். வேலை சுத்தமாக முடிந்தது என்றார் டாக்டர். நரம்பு விழித்துக்கொள்ளுமா என்பதை மட்டும் காலம்தான் சொல்ல வேண்டும், அது நம் கையில் இல்லை என்றார்.

காலம் எதையும் சொல்வதாக இல்லை. மாதங்கள் போயின. இடது கால் ஓரளவு மீண்டது. வலது பாதம் தொங்கியது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் பட்டையும் கையில் ஒரு தடியும் வந்தன. சிறுநீர் தானாக வரவில்லை. மெல்லிய குழாய் ஒன்றை அவரே விட்டு எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். நேரம் தவறக் கூடாது என்பதால் மனைவி போனில் மணி வைத்திருந்தாள். விருந்தாளிகள் இருக்கும்போதும் அது அடிக்கும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் எதிரில் எப்போதும் ஒரு பாட்டில் இருக்கும். கூரை முடிந்து, கிரேன் பிரிந்து, வேறு இடத்துக்குப் போனது. குலுக்கி அதோடு போனான். போவதற்கு முன்னால் ஒரு நாள் பார்க்க வந்து, வாசலிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டான். மச்சினனும் அதே கிரேனோடு போக வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் போனில்தான் பேசுகிறான். "மாமா" என்று ஆரம்பித்துவிட்டு, அதற்கப்புறம் எதை எங்கே இறக்குவது என்று தெரியாமல் நிறுத்திவிடுவான்.

வலி மட்டும் வரவேயில்லை. ராத்திரிகளில் அவர் போர்வைக்குள் கையை விட்டுத் தொடையைக் கிள்ளிப் பார்ப்பார். கட்டில் விளிம்பில் வேண்டுமென்றே கணுக்காலை இடிப்பார். ஒரு காலத்தில் தன்னை ஊரைக் கூட்டிக் கத்தவைத்த அந்தச் சுருக், ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போனால் போதும் என்று ஏங்கினார். மனைவி அதைப் பார்த்தும் பாராததுபோல் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

இன்றைக்கு மறுபடி அதே சின்ன அறை. மேஜைமேல் அதே பிளாஸ்டிக் முதுகெலும்பு. டாக்டரம்மா முன்போல் அதட்டுவதில்லை. அது ஒன்றே பருந்துக்குப் பயமாக இருந்தது.

"கண்ணை மூடிக்கோங்க. குண்டூசியால மெதுவா தொடுவேன். குத்துற மாதிரி தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலைன்னா பேசாம இருங்க. அவசரமே இல்ல."

அவர் கண்ணை மூடினார். உடம்பையெல்லாம் காதாக்கிக்கொண்டு படுத்திருந்தார். தொடையின் உள்பக்கத்தில், ஆழத்தில், சின்னதாக ஒன்று. நிச்சயமாக. சுருக்கென்று.

"குத்துது!"

கெண்டைக்காலில் இன்னொன்று.

"இங்கயும் குத்துது! டாக்டர், நல்லாவே தெரியுது!"

சந்தோஷத்தில் கண்ணைத் திறந்தார். டாக்டரம்மா மேஜை பக்கத்தில், அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, குண்டூசி டப்பாவின் மூடியை அப்போதுதான் திறக்கப் போயிருந்தார். அந்தக் கை அப்படியே நின்றிருந்தது. ஜன்னல் பக்கம் நின்ற மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் பையில் போன் மணி அடிக்கத் தொடங்கியது.